விருந்தோம்பிய நாடுகளும் விளையாட்டு விழாக்களும்

விருந்தினரை வரவழைத்துப் பேணுதல் தமிழர் வாழ்வில் அறமென வைத்துப் போற்றப்படுவது. வள்ளுவர் அதற்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தமை யாவரும் அறிந்ததே. ஒருவர் தம் இல்லத்திற்கு விருந்தினரை அழைக்குங்கால் முற்றத்தைக் கூட்டி, வாயிலில் மாவிலை கட்டி, இருப்பவற்றுள் நல்லதை எடுத்துப் பரப்புவர். ஆயினும் வந்தவர் கண் முற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. உள்ளறையில் நோயாளி கிடப்பதும், அடுக்களைக்கு அரிசி கடனாய் வந்ததும், உடன்பிறந்தார் ஒருவரோடொருவர் பேசாதிருப்பதும் எவ்வாறோ அவருக்குத் தெரிந்துவிடும். நாடுகள் பிற நாடுகளை விளையாட்டுக்கு அழைத்த வரலாற்றை நோக்குமிடத்தும் இவ்வுண்மையே புலனாகின்றது. பதக்கப் பட்டியல்கள் கூறாத பலவற்றை விழா நடந்த வீட்டின் நிலை கூறும். இலங்கையும் இவ்வகையில் பலமுறை விருந்தோம்பிய நாடாதலின், அதன் வரலாறும் திருகோணமலை போன்றதொரு துறைமுக நகரம் அவ்வரலாற்றில் நின்ற இடமும் ஆராயற்பாலன.

கிறீஸ் நாட்டின் ஒலிம்பியா என்னும் தலத்தில் கி.மு. 776 ஆம் ஆண்டு முதல் விளையாட்டுகள் நடைபெற்றன என்பது மரபு. அவற்றை நடத்தும் உரிமை ஈலிஸ் என்ற சிறு நகரரசுக்கு இருந்தது. விழாவுக்கு வருவோரும் மீள்வோரும் வழியிலே தீங்குறாவண்ணம் புனித அமைதி ஒன்று முன்னரே பறையறையப்படும். அவ்வமைதியை மீறியதாகக் குற்றஞ்சாட்டி, படைவலியிற் பெரிதாகிய ஸ்பார்த்தாவையே கி.மு. 420 இல் ஈலிஸ் விழாவுக்குப் புறத்தே நிறுத்தியது. சிற்றரசு ஒன்று பேரரசு ஒன்றை வாயிலில் மறித்ததற்கு விருந்தோம்பும் உரிமையன்றி வேறு வலிமை இல்லை. ஆயின் அவ்வுரிமையே பூசலுக்கும் வித்தாயிற்று. கி.மு. 364 இல் விழாவை ஈலிஸிடமிருந்து பிறர் கைப்பற்றி நடத்த, போட்டிகள் நடந்துகொண்டிருந்த பொழுதிலேயே ஈலிஸார் படையுடன் புகுந்து கோயில் வளாகத்தினுள் போர் புரிந்தனர். விளையாட்டு போரை நிறுத்தும் என்று கூறுவோர் இதனையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அவ்விழாவை 1896 ஆம் ஆண்டு புதுப்பிக்க முனைந்தபொழுது கிறீஸ் வறுமையுற்றிருந்தது. வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென 1893 இல் அந்நாட்டின் தலைமை அமைச்சர் திரிக்கூப்பிஸ் அறிவித்திருந்தார். விழாச் செலவை நாடு தாங்காதென்பதே அவர் கருத்து. முடிக்குரிய இளவரசர் கொன்ஸ்தாந்தீன் விழாவை நடத்தியே தீர்வதென நின்றார். திரிக்கூப்பிஸ் பதவி துறந்தார். பழைய பளிங்கு அரங்கைப் புதுப்பிக்கும் செலவினை அலெக்சாந்திரியா நகரில் வாணிகஞ் செய்து பொருளீட்டிய அவரொவ் என்னும் கிறீஸ் நாட்டுச் செல்வர் ஏற்றுக்கொண்டார். அவர் ஈந்த தொகை ஏறத்தாழப் பத்து இலட்சம் திராக்மா ஆகும். விழா சிறப்புற நடந்தேறியது. கணக்குப் பார்த்தவர் தோற்றார், கொண்டாட நினைத்தவர் வென்றார் என்று இதனைச் சுருங்கக் கூறலாம். பின்வந்த நூற்றாண்டில் இக்கதை பல நாடுகளில் மீள மீள நடந்தது. அவ்விடங்களில் எல்லாம் அவரொவ் ஒருவர் கிடைத்தாரில்லை.

மொன்றியல் நகரம் 1976 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவின் பொருட்டு வாங்கிய கடனை அடைத்து முடித்தது 2006 ஆம் ஆண்டிலாகும். விழாவைக் கண்ட சிறுவர் நடுவயதினராகும்வரை அக்கடன் நின்றது. அதே 1976 ஆம் ஆண்டின் குளிர்கால விழா முதலில் அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அளிக்கப்பட்டிருந்தது. அம்மாநில மக்கள் 1972 இல் வாக்களித்துச் செலவுக்குப் பணம் இல்லையென மறுத்தமையால், விழா ஒஸ்திரியாவுக்குச் சென்றது. இருந்த அரங்குகளையே பயன்படுத்திய லொஸ் ஏஞ்சலஸ் நகரம் 1984 இல் இருபது கோடி டொலருக்கு மேல் மிச்சங் கண்டது. புதியன கட்டுவதிலேயே பொருள் அழிகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இலங்கை முதன்முதல் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற ஆண்டு, அது சுதந்திரம் பெற்ற 1948 ஆகும். அவ்விழாவை நடத்திய இலண்டன் மாநகரம் அக்காலத்தில் குண்டுவீச்சின் இடிபாடுகளோடு நின்றது; உணவு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. புதிய அரங்கு எதுவும் எழுப்பப்படவில்லை. வீரர்கள் படைமுகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்கினர். பல நாட்டினர் தம் உணவைத் தாமே கொண்டுவந்தனர். வறிய வீட்டில் நடந்த விருந்தெனினும் அது மனம் நிறைந்த விருந்தாயிற்று. அங்கே 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் இரண்டாமிடம் பெற்று வெள்ளிப் பதக்கம் கொணர்ந்தார். யப்பானும் யேர்மனியும் அவ்விழாவுக்கு அழைக்கப்படவில்லை.

அழைக்கப்படாத அந்த யப்பான் பதினாறு ஆண்டுகளின் பின் தானே விருந்தோம்பும் நாடாயிற்று. 1940 ஆம் ஆண்டு விழா ரோக்கியோவுக்கு அளிக்கப்பட்டு, சீனாவுடன் மூண்ட போரினால் கைவிடப்பட்டிருந்தது. 1964 ஒக்டோபரில் ரோக்கியோவில் ஒலிம்பிக் தீயை ஏற்றுவதற்குத் தெரிவுசெய்யப்பட்டவர் யொஷினோரி சக்காய் என்னும் இளைஞர். அவர் 1945 ஓகஸ்ட் 6 ஆம் நாள், ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த அன்று, அம்மாவட்டத்திற் பிறந்தவர். சொற்பொழிவு எதுவுமின்றி ஒரு நாடு தன் கதையை உலகுக்குக் கூறிய முறை அது.

அவ்விழாவில் இலங்கையர் ஒருவர் பதக்கமின்றியே புகழ் பெற்றார். 10,000 மீற்றர் ஓட்டத்தில் கலந்துகொண்ட கருணானந்தாவை ஏனையோர் பலமுறை சுற்றிக் கடந்துவிட்டனர். எல்லாரும் ஓடிமுடித்த பின்னரும் அவருக்கு மூன்று சுற்றுகள் எஞ்சியிருந்தன. அவர் தனியே ஓடத் தொடங்கியபொழுது அரங்கிலிருந்தோர் நகைத்தனர். அடுத்த சுற்றில் நகைப்பு அடங்கியது. இறுதிச் சுற்றில் வென்றவருக்கு எழுந்த ஆரவாரத்திற்குக் குறையாத ஆரவாரம் எழுந்தது. இந்நிகழ்ச்சி பின்னர் யப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்றது. விருந்தினரின் பெருமையை விருந்தோம்புவோர் உணர்ந்துகொள்ள மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன எனினும், உணர்ந்துகொண்டனர் என்பதே பாராட்டுக்குரியது. அதே ரோக்கியோ நகரிலேதான் 1958 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து வீரராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விழாக்களில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார்.

ஆசிய விழாவின் தோற்றத்திலும் இலங்கைக்குப் பங்குண்டு. குருதத் சோந்தி என்பாரின் முயற்சியால் 1934 இல் டில்லியிலும் பட்டியாலாவிலும் மேற்காசிய விளையாட்டு விழா நடைபெற்றபொழுது இந்தியா, ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம், இலங்கை ஆகிய நான்கு நாடுகள் கலந்துகொண்டன. அம்முயற்சி பிற்காலத்தில் விரிவுற்று, 1951 மார்ச்சில் பதினொரு நாடுகள் கூடிய முதலாவது ஆசிய விளையாட்டு விழா டில்லியில் நடைபெற்றது. இலண்டனுக்கு அழைக்கப்படாத யப்பான் டில்லிக்கு அழைக்கப்பட்டது. புதிதாய் விடுதலை பெற்ற நாடு முதியோர் பகையைத் தன் பந்தியில் வைக்க மறுத்தது எனலாம். இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1962 இல் ஜகார்த்தாவில் நடந்த நான்காம் ஆசிய விழாவுக்கு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடந்தரவில்லை. அதன் விளைவாக அந்நாடு ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து இடைநிறுத்தப்பட்டு, 1963 இல் வேறொரு விழாவைத் தானே தோற்றுவித்தது. விருந்தினரைத் தெரிந்தெடுக்கும் உரிமை விருந்தோம்புவோருக்கு உண்டா என்ற வினா அன்று எழுந்து இன்றும் தீர்ந்தபாடில்லை. இவ்விடத்துத் தாய்லாந்தைக் குறியாது விடுதல் முறையன்று. 1966 இல் ஆசிய விழாவை நடத்திய பாங்கொக், சியோல் கைவிட்ட 1970 ஆம் ஆண்டு விழாவையும், பிறர் ஏலாது விடுத்த 1978 ஆம் ஆண்டு விழாவையும் தானே ஏற்று நடத்தியது. அயலார் வீட்டு அடுப்பு அணைந்தபொழுது தன் வீட்டில் உலை வைத்த நாடு அது.

இனி, இலங்கை தானே அழைத்த விழாக்களை நோக்கலாம். தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டு விழா 1984 இல் காத்மண்டுவில் தொடங்கியது. ஐந்தாவது விழா 1991 டிசம்பரில் கொழும்பில், சுகததாச விளையாட்டரங்கைத் தலைமை இடமாகக் கொண்டு நடைபெற்றது. ஏழு நாடுகள் கலந்துகொள்ள, இலங்கை பதக்க வரிசையில் இந்தியாவுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றது. தலைநகரில் மகிழ்ச்சி மிக்கிருந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருளிற் கிடந்தது. 1990 யூனில் மீண்டும் மூண்ட போரினால் திருகோணமலை மாவட்டத்துக் கிராமங்கள் பல ஆளரவமற்றிருந்தன. விழா நடந்தது வீட்டின் முன்கூடத்தில் மட்டுமே.

1996 ஆம் ஆண்டு நிகழ்ச்சி இன்னும் நுணுகி ஆராயத்தக்கது. உலகக் கிண்ணத் துடுப்பாட்டத்தை இந்தியா, பாக்கிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தப் பொறுப்பேற்றன. தொடக்கத்திற்குச் சில நாட்கள் முன்னர், ஜனவரி 31 ஆம் நாள், கொழும்பு மத்திய வங்கிக் கட்டடத்தின்மீது வெடிகுண்டுத் தாக்குதல் நடந்தது. தொண்ணூறு பேரளவில் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்தியத் தீவுகளின் அணியும் கொழும்புக்கு வர மறுத்துவிட்டன. விருந்துக்கு இலை போட்ட பின்னர் விருந்தினர் வாராதொழிந்த நிலை அது. விருந்தோம்பிய நாட்டுக்கு ஆட்டமின்றியே புள்ளிகள் வழங்கப்பட்டன. ஆயின் அப்புள்ளிகள் வெறும் வயிற்றுக்கு இட்ட தாம்பூலம் போன்றவை.

அந்நிலையில் உடன் விருந்தோம்பிய இரு நாடுகளும் செய்த செயல் விளையாட்டு வரலாற்றில் அரிதானது. தம்முள் மூன்று போர்கள் கண்ட இந்தியாவும் பாக்கிஸ்தானும் ஓரணியாய்ச் சேர்ந்து கொழும்புக்கு வந்தன. பெப்ரவரி 13 ஆம் நாள் பிரேமதாச அரங்கில் அவ்வணி இலங்கையை எதிர்த்து ஆடியது. தலைவராய் இருந்தவர் இந்தியரான அசாருதீன். பாக்கிஸ்தானியரான வசீம் அக்ரம் வீசிய பந்தை களுவிதாரண அடிக்க, அதனை இந்தியரான டெண்டுல்கர் பிடித்தார். ஆட்டக் குறிப்பேட்டில் அவ்விரு பெயரும் ஒரே வரியில் எழுதப்பட்டன. அரசியலாளர் ஒரு நூறு மாநாடுகளிலும் எழுதிவைக்காத வரி அது. பின்னர் சிம்பாப்வே கொழும்பிலும், கென்யா கண்டியிலும் வந்து ஆடின. எளிய நாடுகள் அஞ்சாது வந்தமை நன்றியோடு நினைக்கத்தக்கது. மார்ச் 17 ஆம் நாள் லாகூரில் நடந்த இறுதியாட்டத்தில், கொழும்புக்கு வர மறுத்த அதே அவுஸ்திரேலிய அணியை வென்று இலங்கை கிண்ணத்தைப் பெற்றது. போட்டியை நடத்திய நாடுகளுள் ஒன்றே அதனை வென்றது அதுவே முதன்முறையாகும். அன்றிரவு தமிழர் சிங்களவர் என்ற வேறுபாடின்றி ஊர்கள் மகிழ்ந்தன என்பர். மகிழ்ந்தவை எல்லாம் மறுநாள் காலையில் தத்தம் சோதனைச் சாவடிகளுக்கே திரும்பின.

போர்நிறுத்தம் நிலவிய 2002 ஆம் ஆண்டில் வீடு சற்று ஒழுங்குற்றிருந்தது. அவ்வாண்டு ஆசிய மெய்வல்லுநர் போட்டிகளும், துடுப்பாட்டத்தில் சம்பியன்கள் கிண்ணமும் கொழும்பில் நடைபெற்றன. பின்னையதன் இறுதியாட்டத்தில் இலங்கையும் இந்தியாவும் மோதின. முதல் நாள் மழை. மறுநாள் முதலிலிருந்து தொடங்கினால் அன்றும் மழை. ஈற்றில் இரு நாடும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. வானம் மட்டுமே குறுக்கிட்ட விழா என்ற வகையில் அது இந்நாட்டிற்குக் கிடைத்த நற்பேறு.

பத்தாவது தெற்காசிய விளையாட்டு விழா 2006 ஓகஸ்ட் 18 முதல் 28 வரை மீண்டும் கொழும்பில் நடைபெற்றது. அவ்விழாவின் வரலாற்றைத் திருகோணமலையிலிருந்து நோக்குவார்க்கு அது வேறொரு தோற்றந் தரும். அவ்வாண்டு பிறந்த இரண்டாம் நாளிலேயே திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். யூலையில் மாவிலாற்று மதகுகள் மூடப்பட்டு, அதனைத் தொடர்ந்து போர் வெடித்தது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் போர்க்களமாயிற்று. ஊரை விட்டு நீங்கிய முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கந்தளாய்ப் பக்கம் சென்றனர். நான்காம் நாள் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் பதினெழுவர் கொல்லப்பட்டனர். சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தெற்கே வாகரை நோக்கி நடந்தனர். அவருட் பலர் தம் காணிக்கு மீளப் பத்து ஆண்டுகள் சென்றன. பதினோராம் நாள் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. பதினான்காம் நாள் கொழும்பில் பாக்கிஸ்தான் தூதரின் ஊர்தித் தொடர் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அதே நாளில் முல்லைத்தீவு மாவட்டத்துச் செஞ்சோலையில் நிகழ்ந்த வான்தாக்குதலில் இளம் பெண்கள் பலர் மாண்டனர். கொழும்பிலிருந்த தென்னாபிரிக்கத் துடுப்பாட்ட அணி, வந்த காரியம் முடியாமலே நாடு திரும்பியது. அதன்பின் நான்கு நாட்களுக்குள் சுகததாச அரங்கில் வாணவேடிக்கை நடந்தது.

இவ்விழாவை நடத்தியது தவறெனத் துணிந்து கூறுதல் எளிதன்று. எட்டு நாடுகளின் இளைஞர் ஆண்டுக்கணக்காய்ப் பயின்று வந்தவர். அவர் மேல் குற்றம் யாதுமில்லை. விழாவைக் கைவிட்டிருந்தால் மூதூரார் ஒருவரேனும் ஒருநாள் முன்னதாக வீடு திரும்பியிருப்பார் என்றுங் கூறவியலாது. ஆயினும் பண்டைக் கிறீஸில் விழாவுக்கு முன்னர் போர் அமைதி பறையறையப்பட்டது. இங்கோ விழாவுக்காகப் பத்து நாட்களேனும் துப்பாக்கிகள் தாழ்த்தப்பட வேண்டுமென்ற எண்ணம் இரு தரப்பிலும் செயலாக மலரவில்லை. ஒரே தீவினுள் ஓர் அரங்கில் அஞ்சலோட்டத்துக்குக் கோல் கைமாற, ஓரிரவுப் பயணத் தொலைவில் தாய்மார் குழந்தைகளைக் கைமாற்றித் தூக்கிக்கொண்டு வெருகல் ஆற்றைக் கடந்தனர். அவ்விழாவின் பதக்கப் பட்டியலில் இலங்கைக்கு மூன்றாமிடம் என்று பதியப்பட்டுள்ளது.

போர் 2009 இல் முடிந்தபின் விருந்தோம்பும் வேட்கை பெருகியது. 2011 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் துடுப்பாட்டத்தை இந்தியா, வங்காளதேசம் ஆகியவற்றோடு சேர்ந்து இலங்கை நடத்தியது. 2012 இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைத் தனித்தே நடத்தியது. கொழும்பு, பல்லேகலை, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் ஆட்டங்கள் நடந்தன. வடக்கிலும் கிழக்கிலும் ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை. அம்பாந்தோட்டையில் காட்டைத் திருத்திப் புதிய அரங்கு எழுப்பப்பட்டது. அந்நகருக்கே 2018 ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டு விழாவைப் பெறுவதற்கும் பெருமுயற்சி செய்யப்பட்டது. 2011 நவம்பர் 11 ஆம் நாள் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான சென் கிற்ஸில் வாக்கெடுப்பு நடந்தது. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் 43 வாக்குகளும் அம்பாந்தோட்டை 27 வாக்குகளும் பெற்றன. அன்று அது பெருந்தோல்வியாய்த் தோன்றியது. பத்தாண்டுக்கு மேல் கழித்து, 2022 ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனை இறுப்பதை இலங்கை இடைநிறுத்தியது. 1893 இல் திரிக்கூப்பிஸ் நின்ற இடத்தில் இலங்கை வந்து நின்றது. கைநழுவிய விழாவின் கடனும் அத்தோடு சேர்ந்திருக்குமாயின் நிலை யாதாயிருக்கும் என்று எண்ணுவோர், அந்த 43 வாக்காளருக்கு நன்றி கூறினும் குற்றமில்லை.

அவ்வாண்டு ஆசியக் கிண்ணத் துடுப்பாட்டத்தை நடத்தும் முறை இலங்கையினுடையது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. போட்டிகள் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மாற்றப்பட்டன. பெயரளவில் விருந்தோம்பும் நாடு இலங்கையே. அயலார் மண்டபத்தில் நடந்த அவ்விருந்தில் செப்ரெம்பர் 11 ஆம் நாள் துபாயில் கிண்ணத்தை வென்றதும் இலங்கை அணியே. செல்வம் மிக்க நாடுகளும் இதனின் நீங்கியவை அல்ல. 2026 ஆம் ஆண்டுப் பொதுநலவாய விழாவை ஏற்றிருந்த அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு மிகுந்ததெனக் கூறி 2023 யூலையில் விலகிக்கொண்டது. 2014 இல் அவ்விழாவை நடத்திய கிளாஸ்கோ நகரம், இருந்த அரங்குகளைக் கொண்டே சுருக்கமாக நடத்துவதாக அதனை ஏற்றது.

இச்சுருக்கத்தினின்றும் சிறு நகரங்களுக்கு ஒரு வழி பிறக்கின்றது. ஒரு விழாவை ஒரே நகரம் முற்றுந் தாங்க வேண்டுமென்ற கருத்து இக்காலத்தில் தளர்ந்துவிட்டது. 2014 டிசம்பரில் அனைத்துலக ஒலிம்பிக் குழு, போட்டிகள் சிலவற்றை விழா நகருக்கு வெளியேயும் நடத்தலாமென ஒப்புக்கொண்டது. உண்மையில் பாய்மரப் படகோட்டத்தைப் பொறுத்தவரை இது பண்டுதொட்டு நிலவிய வழக்கம். கடல் எங்கு உளதோ அங்குதான் படகு செல்லும். 1948 இல் இலண்டன் விழாவின் படகோட்டம் தோர்க்கேயிலும், 1960 இல் உரோம் விழாவினது நேப்பிள்ஸிலும், 1972 இல் மியூனிக் விழாவினது கீல் துறையிலும், 1980 இல் மொஸ்கோ விழாவினது தலினிலும் நடைபெற்றன. 1982 ஆம் ஆண்டு ஆசிய விழாவை நடத்திய டில்லிக்குக் கடலில்லை. ஆதலின் பாய்மரப் படகுகள் பம்பாய்த் துறைமுகத்தில் ஓடின. துடுப்புப் படகோட்டம் ஜெய்ப்பூரை அடுத்த ராம்கட் ஏரியில் நடந்தது. அவ்வேரி பின்னாளில் வற்றிப்போயிற்று என்பது நீர்நிலைகளைப் பேணுதற்கு ஓர் எச்சரிக்கை. 2024 இல் பரிஸ் விழாவின் படகோட்டம் மார்செயில் நடந்தது. அலைச்சறுக்கு 15,700 கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள தாகித்தித் தீவில் நடந்தது.

கடல்தான் வேண்டுவதெனின் திருகோணமலைக்கு அக்குறையில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென அது பன்னெடுங் காலமாக எண்ணப்படுகின்றது. மலைகள் காக்கும் உட்டுறைமுகமும், மகாவலி கலக்கும் அகன்ற கொட்டியாரக் குடாவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்று பயிற்சிக்கும் மற்றொன்று ஓட்டத்துக்கும் ஏற்றன. சீனன்குடாவில் விமானத்தளம் உளது. கோணேசர் கோயில் கொண்ட சுவாமிமலை மேல் நின்றால் திறந்த கடல் முழுதும் கண்ணுக்குப் புலனாகும்; பார்வையாளர்க்கு இதனினுஞ் சிறந்த மேடையை எந்தப் பொறியியலாளரும் கட்டித் தரமாட்டார். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை நீங்கும்வரை இத்துறைமுகம் போர்க்கப்பல்களுக்கே உரியதாய் இருந்தது. அதன்பின் நெடுங்காலம் உள்நாட்டுப் போரின் காவல் வலயமாயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் படை நோக்கிலேயே அளக்கப்பட்ட நீர்ப்பரப்பு, விளையாட்டு நோக்கில் அளக்கப்பட்டதாய்த் தெரியவில்லை.

எனினும் இங்கும் முன்கூடம் வேறு, உள்வீடு வேறு என்ற பழைய பிழை நேர்ந்துவிடலாகாது. படகோட்டப் போட்டி நடக்குங்கால் நீர்ப்பரப்பைப் பிற கலங்களினின்றும் ஒழித்து வைத்தல் இன்றியமையாதது. கொட்டியாரக் குடாவோ வெறுங்கடல் அன்று. மூதூர், கிண்ணியா, சம்பூர் மீனவரின் வயல் அது. போர்க்காலத்தில் அனுமதிச் சீட்டுக்கு நின்று, குறித்த நேரத்தில் மட்டும் வலை வீசிய மக்களிடம், இம்முறை விளையாட்டுக்காகக் கடலை ஒழித்துத் தருமாறு கேட்கும்பொழுது அவர்தம் சொல்லே முதலிற் கேட்கப்பட வேண்டும். இழக்கும் தொழில்நாட்களுக்குக் கூலி யார் தருவது என்பதும் எழுத்தில் வர வேண்டும். நீரின் தூய்மையும் நோக்கத்தக்கது. 2008 இல் சீனாவின் சிங்தாவோ நகரில், போட்டிக்குச் சில வாரங்களின் முன் படகோட்டப் பரப்பைப் பச்சைப் பாசி மூடிவிட, படையினரும் மீனவருமாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறங்கி அள்ளினர். 2016 இல் ரியோ நகரின் குடாவில் கழிவுநீர் கலந்தமை உலகெங்கும் பேசப்பட்டது. விருந்தினர் வருவதற்கு முதல்நாள் மட்டும் கிணறு இறைப்பது உதவாது.

பருவமும் தெரிந்துகொள்ளத்தக்கது. கீழ்க்கரையில் ஒக்டோபர் பிற்பகுதி முதல் வாடைக்காற்றும் மழையும் தொடங்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் குடாவுக்கு வெளியே சிறுகலங்கள் செல்லுதல் அரிது. மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீச, கரையோரக் கடல் பெரும்பாலும் அலையடங்கி இருக்கும். கொழும்பு நடத்திய தெற்காசிய விழாக்கள் இரண்டனுள் முதலாவது டிசம்பரிலும் மற்றையது ஓகஸ்டிலும் அமைந்தன. டிசம்பராயின் திருகோணமலைக் கடல் இடந்தராது. ஓகஸ்டிலோ கரையோரக் கடல் பெரும்பாலும் அலையடங்கி இருக்கும்.